காசில்லாத பஸ் அட்டையும் ஒருநாள் நடையும்: லண்டனில் நம்மவர் கேட்கும் கேள்விகள்

வயது போனவர்களுக்குக் கொடுக்கும் இலவச பஸ் அட்டை கைக்கு வந்த முதல் ஆறு மாதமும் அதை நான் மூன்று இடத்துக்குத்தான் பாவித்தேன்: கோயில், ஆஸ்பத்திரி, மரக்கறிக் கடை. பிறகு ஒருநாள் தென்மேற்கு லண்டனில், கிங்ஸ்டனில் 465ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, கண்ணயர்ந்து, இறங்க வேண்டிய சர்பிட்டனைத் தவறவிட்டேன். விழித்துப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே கடையும் இல்லை, வீடும் இல்லை. வேலியும் குதிரையும் மரமும்தான். பதறிப்போய் இறங்கியிருக்க வேண்டும். ஏனோ இறங்கவில்லை, கடைசித் தரிப்பு வரைக்கும் போய்ப் பார்த்தேன். அன்றிலிருந்து கிழமைக்கு ஒருநாள் இப்படி வெளிக்கிடுகிறேன். கோயில் வாசலில் சப்பாத்து மாட்டும்போது ஆட்கள் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன்.

இந்த அட்டை யாருக்குக் கிடைக்கும்? பென்சன் எடுப்பவர்களுக்கு மட்டுமா?

பென்சன் எடுக்கிறீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை. வயதும் வசிப்பிடமும்தான் கணக்கு. இங்கிலாந்தில் அரச பென்சன் வயது வந்தால் அட்டையும் வரும். அந்த வயது 66. 1960 ஏப்ரல் 6ஆம் தேதிக்கும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு அது மாதம் மாதமாகக் கூடி, 2028இல் 67 ஆகிவிடும். லண்டன் மாநகரக் கவுன்சில்களுக்குள் வசிப்பவர்களுக்கு வருவது பிரீடம் பாஸ். வெளியே வசிப்பவர்கள் தங்கள் ஊர்க் கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு வயதுக் கட்டுப்பாடு இல்லாத தனி அட்டை இருக்கிறது. பலர் அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள், கேளுங்கள்.

லண்டன் அட்டையோடு வெளியூர் பஸ்ஸில் ஏறலாமா? சாரதி இறக்கிவிட மாட்டாரா?

ஏறலாம். 2008 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து இங்கிலாந்தின் எந்த ஊர்க் கவுன்சில் கொடுத்த அட்டையும் இங்கிலாந்து முழுக்க உள்ளூர் பஸ்களில் செல்லும். அட்டையில் ஒரு ரோஜாப் பூ இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் அடையாளம். தென்மேற்கு முனையில் பென்சான்ஸிலும் காட்டலாம், வடக்கே நியூகாசிலிலும் காட்டலாம்.

நேரம் மட்டும் கவனம். லண்டனுக்கு வெளியே கிழமை நாட்களில் காலை 9.30க்குப் பிறகுதான், இரவு 11 மணி வரைக்கும். சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை நாட்களில் நாள் முழுக்க. லண்டன் பஸ்ஸிலும் ரியூப் எனும் சுரங்க ரயிலிலும் கிழமை நாட்களில் 9 மணிக்குப் பிறகு. சில கவுன்சில்கள் தங்கள் ஊர் ஆட்களை முன்னதாகவே ஏற விடுகின்றன. அதை நம்பி நீங்கள் 9.20க்குப் போய் நிற்காதீர்கள். இந்த நாட்டுச் சாரதிகள் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பட்டப் பெயரே வைத்திருக்கிறார்கள்: ‘ட்வேர்லி’. அட்டையை நீட்டிக்கொண்டு “டூ ஏர்லியா?” (நேரத்தோடு வந்துவிட்டேனா?) என்று கேட்பதால் வந்த பெயர். நானும் பலமுறை ட்வேர்லி ஆகியிருக்கிறேன்.

நெஷனல் எக்ஸ்பிரஸ் மாதிரியான தூரப் பயணக் கோச்சுகளிலும் சுற்றுலா பஸ்களிலும் அட்டை செல்லாது.

எனக்கு இப்போதுதான் 61. நான் காத்திருக்க வேண்டியதுதானா?

லண்டன்வாசி என்றால் தேவையில்லை. 60 வயதிலிருந்து ஒயிஸ்டர் என்ற தனிப் பயண அட்டை கிடைக்கும். விண்ணப்பக் கட்டணம் உண்டு. ஆனால் அது லண்டன் போக்குவரத்துச் சேவைகளுக்கு மட்டும். சசெக்ஸ் பஸ்காரரிடம் நீட்டினால் காசு கேட்பார். இருந்தாலும் ஒரு சின்னச் சூட்சுமம் இருக்கிறது. லண்டனின் சிவப்பு பஸ்கள் சில, மாநகர எல்லையைத் தாண்டிக் கிராமத்துக்குள் போகின்றன. அவற்றில் இந்த அட்டையும் செல்லும். கீழே நான் சொல்கிற 465, 246 இரண்டும் அப்படிப்பட்டவைதான். 146 எல்லைக்குள்ளேயே ஒரு கிராமத்துக்குப் போகிறது, அதிலும் செல்லும்.

அண்ணை, சும்மா சுற்றுவதற்கு அரசாங்கக் காசில் போவது சரியா? வெட்கமாக இருக்கிறது.

முப்பது வருடம் வரி கட்டின ஆள் கேட்ட கேள்வி இது! பயணம் எங்கே தொடங்குகிறதோ அந்த ஊர்க் கவுன்சில்தான் பஸ் கொம்பனிக்கு உங்களுக்கான காசைக் கொடுக்கிறது. நீங்கள் அட்டையை வைக்கும்போது ‘டிக்’ என்று விழுவது அந்தக் கணக்கு. மத்தியானத்தில் கிராமத்துப் பஸ்ஸில் பெரும்பாலும் நாலைந்து பேர்தான் இருப்போம், அதில் அரைவாசி அட்டைக்காரர்கள். ஆள் ஏறாத பஸ்ஸைத்தான் முதலில் நிறுத்துவார்கள். ஆகவே வெட்கப்படாமல் ஏறுங்கள்.

சரி, முதல் தடவை எங்கே போகலாம்?

என்னைக் கேட்டால் பொக்ஸ் ஹில் என்ற மலை. கிங்ஸ்டனில் 465 எடுத்தால் சர்பிட்டன், செஸிங்டன், லெதர்ஹெட் தாண்டி டோர்க்கிங் வரை போகும். முன் ஆசனம் கிடைத்தால் அதுவே பாதிச் சுற்றுலா. செஸிங்டன் கழிந்ததும் வீடுகள் குறைந்து, லெதர்ஹெட் தாண்டியதும் இரண்டு பக்கமும் மேடு எழும்பும். பர்போர்ட் பாலத்தடியில் இறங்குங்கள்.

அங்கிருந்து மோல் ஆற்றங்கரைக்கு நடந்தால் ஆற்றுக்குக் குறுக்கே கல் போட்டிருக்கும். பாலம் இல்லை, பதினேழு கல். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கால் வைத்துக் கடக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எதிரி வந்துவிடுவான் என்று பழைய கற்களை அழித்துவிட்டு, 1946இல் புதிதாகப் போட்டார்கள். தண்ணீர் குறைவான நாளில் கற்களுக்கு இடையில் பச்சைப் பாசி ஆடுவது தெரியும். மழைக்குப் பிறகு ஆறு மண்ணிறமாகிக் கல்லின் மேலாலேயே ஓடும். அப்போது கடக்க நினைக்கவே வேண்டாம், கொஞ்சத் தூரத்தில் நடைபாலம் இருக்கிறது. முதல் தடவை ஏழாவது கல்லில் நின்றுவிட்டேன். முன்னால் போகவும் பயம், திரும்பவும் பயம். பின்னால் வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும், கைத்தடியை நீட்டி “பிடியுங்கள்” என்றார். அதற்குப் பிறகுதான் நானும் ஒரு தடி வாங்கினேன்.

கல்லைக் கடந்தால் காட்டுக்குள்ளால் படி ஏறும். இருநூற்றைம்பதுக்கு மேல். ஒரே மூச்சில் ஏறி யாருக்கும் எதையும் காட்டத் தேவையில்லை. ஐம்பது படிக்கு ஒருதரம் நின்று, மரத்தைப் பார்ப்பது போல மூச்சு வாங்குங்கள். ஒரு மணம் வரும், பூனை மூத்திரம் போல. பயப்பட வேண்டாம், அது பொக்ஸ் மரத்தின் மணம். மலைக்குப் பெயர் வந்ததே அந்த மரத்தால்தான். உச்சி 224 மீட்டர். மேலே கல்லால் கட்டிய ஒரு பார்வைமேடை இருக்கிறது. 1914இல் இந்த மலையை விலைக்கு வாங்கி நிலத்தையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் நெஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்த சாலமன்ஸ் என்பவரின் நினைவுக்குக் கட்டியது. அதில் உட்கார்ந்து புட்டுப் பொதியை அவிழ்த்தால் கீழே டோர்க்கிங்கும் அதற்கப்பால் தெற்கு முழுக்கவும் தெரியும். தேநீர்க்கடையும் கழிப்பறையும் பக்கத்திலேயே.

முழங்கால் நோ. இருநூறு படி என்றால் நான் வரவில்லை.

படி ஏறாமலும் அதே பஸ்ஸில் போகலாம். பள்ளத்தாக்கின் மறுபக்கச் சரிவு முழுக்க டென்பீஸ் முந்திரிகைத் தோட்டம். அடிவாரப் பாதையால் ஆறுதலாக நடந்தால் டோர்க்கிங் பட்டினத்துக்கு வந்துவிடலாம். இடையில் தோட்டத்தின் தேநீர்க்கடையும் உண்டு. கோடை கடைசியில் குலை குலையாகத் தொங்கும், கை வைக்காதீர்கள். திரும்புவதற்கு டோர்க்கிங்கில் அதே 465.

அதுவும் கூடாது என்றால் பஸ்ஸில் போய், டோர்க்கிங்கில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, பஸ்ஸில் திரும்புங்கள். அதையும் நான் ஒரு பயணமாகத்தான் எண்ணுகிறேன்.

தென்மேற்கு லண்டன் சரி. மற்றப் பக்கத்துக்காரர் என்ன செய்வது?

தென்கிழக்கு லண்டன் புரொம்லியிலிருந்து 146 போகும் டௌண் கிராமத்தில்தான் டார்வின் 1842இலிருந்து 1882இல் இறக்கும்வரை இருந்தார். அவருடைய வீட்டுக்குள் போகக் காசு. கிராமத்தைச் சுற்றிய வயல் பாதைகளுக்குக் காசில்லை. தன் தோட்டத்தின் மணல் பாதையில் அவர் தினமும் சுற்றுவாராம். எத்தனை சுற்று என்று மறந்துவிடாமலிருக்க ஒரு குவியல் கல் வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றைக் காலால் தட்டிவிடுவாராம். கோயில் வீதி சுற்றும்போது நாங்கள் விரல் மடிப்பதில்லையா, அதுபோலத்தான். இந்த பஸ் மணிக்கு ஒன்றுதான், தவறவிட்டால் நல்லாகக் காத்திருப்பீர்கள்.

அதே புரொம்லியிலிருந்து 246 எடுத்தால் வெஸ்டர்ஹாம். சின்னப் பட்டினம், புல்வெளியில் சர்ச்சிலுக்கு ஒரு சிலை, இங்கே பிறந்த ஜெனரல் வூல்புக்கு ஒரு சிலை. சர்ச்சிலின் சார்ட்வெல் வீடு இரண்டு மைல் தெற்கே, ஏற்ற இறக்கமான காட்டுப்பாதை.

ஈஸ்ட்ஹாம், இல்போர்ட் ஆட்களுக்கு எப்பிங் காடு கைக்கெட்டும் தூரம், சென்ட்ரல் லைனில் ஏறினால் போதும். ஹரோ பக்கத்தவர்கள் மெட்ரோபொலிடன் லைனில் செஷாம் வரைக்கும் இதே பிரீடம் பாஸில் போகலாம். அது பஸ் இல்லைத்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. அங்கே ஓடும் செஸ் ஆறு சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி வருவது, அடியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் தெரியும். இப்படியான ஓடைகளில் பெரும்பங்கு உலகத்திலேயே இங்கிலாந்தில்தான் இருக்கிறது. ஆற்றோடே ரிக்மன்ஸ்வர்த் வரை பத்து மைல். பத்தும் நடக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

கடல் பார்க்க வேண்டும். இலவசமாகப் போக முடியுமா?

முழுக்க பஸ்ஸிலேயே பிரைட்டன் போகலாம்: குரொய்டனிலிருந்து 405இல் ரெட்ஹில், அங்கிருந்து குரோலி, அங்கிருந்து பிரைட்டன் பக்கம் போகும் பஸ். நான் ஒருமுறை போனேன். போய்ச் சேரவே அரை நாள் முடிந்தது, கடலை ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பெருமைக்குச் சொல்லலாம், இடுப்புக்குச் சரியில்லை.

புத்தியான வழி: பிரைட்டன் வரை ரயில், அங்கிருந்து அட்டை. சீனியர் ரயில்கார்ட் இருந்தால் ரயிலில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பிரீடம் பாஸ்காரர்கள் டிக்கெட் கவுண்டரில், லண்டன் கட்டண வலயங்களில் ஆறாம் வலய எல்லையிலிருந்து மட்டும் டிக்கெட் கேளுங்கள், லண்டனுக்குள் ஏற்கெனவே உங்களுக்கு இலவசம்தானே.

பிரைட்டனிலிருந்து ஈஸ்ட்போர்ன் போகும் 12ஆம் இலக்க பஸ்ஸில் வலது பக்கம், மேல் தட்டு. கடல் உங்கள் பக்கத்திலேயே வந்துகொண்டிருக்கும். செவன் சிஸ்டர்ஸ் பூங்காத் தரிப்பில் இறங்கினால் வளைந்து வளைந்து ஓடும் கக்மியர் ஆற்றோரமாகக் கடலுக்குத் தட்டையான பாதை, ஒன்றரை மைலுக்குள். சக்கர நாற்காலியில் போனவர்களையும் கண்டிருக்கிறேன். கடற்கரையில் நின்றால் பக்கத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு மதில். மேலே ஏறுபவர்கள் விளிம்புக்குப் போக வேண்டாம், அடியிலும் உட்கார வேண்டாம். அந்தச் சுண்ணாம்பு சொல்லாமல் கொள்ளாமல் இடிந்து விழும்.

மற்றவனுடைய தோட்டத்துக்குள்ளால் நடக்கச் சொல்கிறீர்கள். நாயை அவிழ்த்துவிட மாட்டானா?

இதுதான் நம்மவர்களைத் தடுக்கும் பெரிய பயம். ஊரில் அடுத்தவன் வேலிக்குள் கால் வைத்தால் வழக்கு! இங்கே சட்டம் வேறு மாதிரி. நிலம் அவனுடையது, அதற்குள்ளால் போகும் நடைபாதை பொதுச் சனத்துடையது. ‘பப்ளிக் ஃபுட்பாத்’ என்ற கைகாட்டியோ மஞ்சள் அம்புக்குறியோ இருந்தால் கோதுமை வயலின் நடுவிலாலும் போகலாம், சில இடங்களில் வீட்டு முற்றத்தைத் தொட்டுக்கொண்டும் போகும். நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரும், ஒதுங்கி நில்லுங்கள். நாட்டு நில அளவை நிறுவனமான ஓர்டனன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் இந்தப் பாதைகள் பச்சைக் கோடு கோடாக இருக்கும்.

வேலி வரும் இடத்தில் நம்மூர்க் கடப்பைப் போல மரப்படி வைத்திருப்பார்கள், அல்லது படலை இருக்கும். படலையைத் திறந்தால் சாத்திவிட்டுப் போங்கள். இது ஒன்றுதான் தோட்டக்காரர் உங்களிடம் எதிர்பார்ப்பது.

மாடு நின்றால்?

ஊரில் மாட்டைத் தடவிக் கும்பிட்டுப் பழகிய கை. இங்கே அது வேண்டாம். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் போகாதீர்கள், ஓடாதீர்கள், தூரமாகச் சுற்றிப் போங்கள். இளங்காளைகள் கூட்டமாகப் பின்னால் வரும், பெரும்பாலும் விடுப்புப் பார்க்கத்தான். திரும்பி நின்று கையை விரித்தால் நிற்கும். என் மனைவி இதைச் சொன்னதிலிருந்து மாடு உள்ள பாதைக்கே வருவதில்லை.

வழி தவறினால், பஸ் வராவிட்டால் என்ன செய்வது?

வெளிக்கிட முதல் திரும்பும் பஸ்ஸைப் பாருங்கள். போகும் பஸ்ஸைப் பிறகு பார்க்கலாம். இதை நான் பட்டுத்தான் படித்தேன்.

ஒரு ஒக்டோபரில் சரே பக்கத்துக் கிராமம் ஒன்றில் 3.40 பஸ்ஸுக்கு 3.20க்கே வந்து நின்றேன். 3.40 ஆனது, 4 மணி ஆனது. தரிப்புக் கம்பத்தில் ஒட்டியிருந்த அட்டவணையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தால், 3.40க்கு மேலே குறுணி எழுத்தில் ஒரு குறி. கீழே அதன் விளக்கம்: பள்ளிக்கூட நாட்களில் மட்டும். அது பள்ளி விடுமுறைக் கிழமை. டெலிபோன் சிக்னலும் இல்லை. பப் ஒன்றுக்குள் போய்க் கேட்டு டாக்சி எடுத்தேன். இலவசப் பயணத்துக்கு 28 பவுண்.

அதனால் அட்டவணையின் அடிக்குறிப்பை முதலில் வாசியுங்கள். ‘பஸ்டைம்ஸ்’ இணையத்தளத்தில் நாள் வாரியாகப் பார்க்கலாம், பஸ் எங்கே வருகிறது என்பதும் பெரும்பாலும் தெரியும். கடைசி பஸ்ஸை நம்பாமல் அதற்கு முந்தியதைக் குறி வையுங்கள். ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்த பிறகு நாலரைக்கே இருட்டத் தொடங்கும். குளிர்காலத்தில் மூன்று மணிக்குத் தரிப்பில் நில்லுங்கள். கிராமத்தில் பஸ் வந்தால் கையைக் காட்ட வேண்டும், சும்மா நின்றால் போய்க்கொண்டே இருக்கும்.

என்ன கொண்டு போவது?

பிடிமானமுள்ள சப்பாத்து, மழைக்கோட்டு. குடை மலையில் உதவாது, காற்று பிடுங்கிவிடும். சீனி வருத்தக்காரர்கள் மருந்தும், சீனி இறங்கினால் வாயில் போட இனிப்பும் சட்டைப் பையிலேயே. சாப்பாடு உங்கள் விருப்பம். கருவாட்டுச் சம்பலை மட்டும் பஸ்ஸுக்குள் திறக்காதீர்கள், ஒருமுறை முழு பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது.

பஸ்ஸில் கழிப்பறை இல்லை. ஏற முதலும் இறங்கியதும் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பப்பில் பியர்தான் குடிக்க வேண்டும் என்றில்லை. ஒரு கோப்பி வாங்கினால் கழிப்பறையும் உங்களுடையது, கணப்படுப்பும் உங்களுடையது.

கோடையில் அரைக்காற்சட்டை வேண்டாம். ஓரமெல்லாம் நெட்டில், இந்த நாட்டுக் காஞ்சோண்டி. உயரப் புல்லில் உண்ணியும் இருக்கும். வீட்டுக்கு வந்து காலைப் பாருங்கள், கடித்த இடத்தில் வட்டமாகச் சிவந்தால் டாக்டரிடம் போங்கள்.

தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வர ஆளில்லை.

இதைக் கேட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதிலும் கணவரை இழந்தவர்கள். முதல் நாலைந்து பயணத்துக்குச் சனம் நடமாடும் இடமாகப் பாருங்கள்: சனி, ஞாயிறில் பொக்ஸ் ஹில்லும் எப்பிங் காடும் கோயில் திருவிழா மாதிரி. எந்த பஸ், எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று பிள்ளைகளுக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டுவிட்டுப் போங்கள். ராம்ப்ளர்ஸ் என்ற நடைச் சங்கத்தின் குழுக்கள் நாடு முழுக்க இருக்கின்றன, புது ஆட்களையும் சேர்த்துக்கொள்வார்கள். வேகமாக நடப்பார்கள், குறுகிய நடை எது என்று கேட்டுச் சேருங்கள்.

ஸ்கொட்லாந்து, வேல்ஸ்?

அங்கே இந்த அட்டை செல்லாது, எல்லை தாண்டும் சில பஸ்களைத் தவிர. அங்கே வசிப்பவர்களுக்கு 60 வயதிலேயே கிடைக்கிறது, காலை நேரக் கட்டுப்பாடும் இல்லை. கிளாஸ்கோவில் இருக்கும் என் மச்சான் ஒவ்வொரு டெலிபோன் அழைப்பிலும் இதை எனக்கு ஞாபகப்படுத்துவார்.

ஊரிலிருந்து அம்மா ஆறு மாத விசாவில் வந்திருக்கிறா. வயது 78.

அட்டை கிடைக்காது, இங்கே நிரந்தரமாக வசிப்பவர்களுக்குத்தான். ஆனால் காசு கொடுத்தாலும் பெரிய செலவில்லை. லண்டன் பஸ் 2025இல் 1.75 பவுண், டோர்க்கிங் வரை போகும் 465க்கும் அதே காசுதான். லண்டனுக்கு வெளியே 2025 தொடக்கம் பெரும்பாலான பஸ்களில் ஒரு வழிக்கு 3 பவுணுக்கு மேல் எடுப்பதில்லை.

பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. 11 வயதுக்குக் கீழே லண்டன் பஸ்ஸில் காசில்லை, 11இலிருந்து 15 வரை ஸிப் என்ற பிள்ளைகளுக்கான அட்டை எடுத்தால் காசில்லை. ஓகஸ்ட் கடைசியில் கூட்டிப் போனால் வேலியோரமெல்லாம் பிளாக்பெரி பழுத்திருக்கும். ஊரில் நாவற்பழம் பொறுக்கியது போல நாக்கு நிறம் மாறும்வரை தின்னலாம். காளானை மட்டும் தொடவிடாதீர்கள். ஆற்றுக்கல்லுக்குக் கூட்டிப் போவதானால் மாற்றுச் சொக்ஸ் இரண்டு சோடி வையுங்கள். ஒரு சோடி அங்கேயே நனையும், மற்றது பஸ்ஸுக்கு ஓடி வரும் வழியில்.